பெயர் மாற்றிச் சொன்ன கதை

1986 தை மாதம் லோரன்ஸும் விமலராணியும் ஜெர்மனிக்கு அடுத்த நாட்டில், ஹேர்னிங் என்ற ஊருக்கு வெளியே ஒரு பழைய பண்ணை வீட்டில் வாடகைக்குக் குடிபுகுந்தார்கள். கல்யாணமாகி, யாழ்ப்பாணத்திலிருந்து அவள் வந்து மூன்றே வாரம். முன்பு இருந்தவர்கள் விட்டுப்போன சாமான்களுக்குள் தடித்த புத்தகம் ஒன்று கிடந்தது. பழங்காலப் பேய்க்கதைகளின் ஜெர்மன் மொழிபெயர்ப்பு. இங்கே வருமுன் இரண்டு வருடம் ஜெர்மனியில் அகதியாக இருந்த லோரன்ஸுக்கு அந்த மொழி தண்ணீர்பட்ட பாடு. விமலராணிக்கு அதில் ஓர் எழுத்தும் தெரியாது.

ஞாயிறு பூசைக்குப் போய்வந்த பின்னேரம் அவள் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். நாலு மணிக்கே வெளியே இருட்டிவிட்டது. பொழுது போகவில்லை, அந்தப் புத்தகத்திலிருந்து ஒரு கதை சொல்லுங்கோ என்றாள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. இவனும் புத்தகத்தை எடுத்தான்.

மணமுடித்து வந்த பெண்ணை ஒரு பிரபு குசினிக்குள் வைத்துக் கொல்லும் கதை அது. நம்மவர்கள் கதை சொன்னால் கேட்கிறவரின் பெயரை உள்ளே நுழைக்காமல் விடமாட்டார்கள். லோரன்ஸும் மனைவியைச் சீண்டும் ஆசையில், மணப்பெண்ணின் பெயர் வந்த இடமெல்லாம் விமலராணி என்றே தமிழில் சொல்லிக்கொண்டு போனான். அவள் சிரித்தாள்.

"அவன் விமலராணியின்ரை பின்னலைப் பிடிச்சான்."

அவளுடைய தலை வெடுக்கென்று பின்னால் இழுபட்டது.

பின்னல் அந்தரத்தில் விறைத்து நின்றது. பிடித்திருந்த கை தெரியவில்லை. மீன் வெடிலையும் மீறி ஈரமண்ணின் நாற்றம் வந்தது. அவளுடைய முகம் மேசையில் மோதியது, ஒருதரம், மறுதரம். மூக்கு உடைந்து இரத்தம் செதில்களின் மேல் வழிந்தது. லோரன்ஸ் புத்தகத்தை எறிந்துவிட்டுப் பாய்ந்து பின்னலைப் பற்றினான். அவன் விரல்களுக்கு மேல் வேறு விரல்கள், பனிக்கட்டிக் குளிருடன், எலும்பு நொறுங்க அழுத்தின.

கத்தி தானாக எழுந்தது.

அடுத்த வரிகளை அவன் கண் ஏற்கெனவே வாசித்திருந்தது. இரண்டு குத்து. அதற்குமேல் அவன் வாசிக்கவில்லை. அவள் இல்லாமல் இந்த ஊரில் ஒரு நாளும் இருக்கமுடியாது என்பது மட்டும் அவனுக்குத் தெரிந்தது.

"விமலராணி இல்லை," என்றான். "அந்தப் பெயர் லோரன்ஸ்."

கத்தி திரும்பியது. அவன் தோளில் ஒன்று. விலாவில் ஒன்று, பிடிவரைக்கும்.

பிறகு எல்லாம் அடங்கிப் போயிற்று.

பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். விழுந்து கத்தி ஏறிவிட்டது என்று சொன்னதை டாக்டர் நம்பியும் நம்பாமலும் எழுதிக்கொண்டார். புத்தகத்தை அடுப்புக்குள் போட்டு, சாம்பலாகும்வரை பக்கத்திலேயே நின்றதாக விமலராணி அவன் காதுக்குள் சொன்னாள். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

வீட்டுக்கு வந்த அன்று குசினி மேசையில் புத்தகம் விரிந்து கிடந்தது.

அதே பக்கம். மணப்பெண்ணின் பெயர் இருந்த இடமெல்லாம், அதே பழைய அச்சில், லோரன்ஸ். கதை முடிய இன்னும் ஒரு பக்கம் இருந்தது. வாசித்தால்தானே நடக்கும் என்று அவன் கண்களை இறுக மூடிக்கொண்டான்.

அவனுக்குப் பின்னால் நின்று விமலராணி அடுத்த வரியை வாசிக்கத் தொடங்கினாள், தடுமாறாமல், ஜெர்மனில்.