முதல் பெயர் லோகநாயகி

செல்போன் அடித்தது.

முட்டுக்காடு படகுத் துறைக்குக் கொஞ்சம் தள்ளி, புதர் ஓரமாகக் கிடந்த ஒரு கைப்பைக்குள் அடித்தது. எடுக்கத்தான் ஆள் இல்லை.

பைக்குச் சொந்தக்காரி உப்பங்கழித் தண்ணீரில் குப்புறக் கிடந்தாள்!

"மேடம்... மறுபடியும் அடிச்சிகினே கீது. 'என் சரவணன்'னு பேரு வருது. இன்னா பண்றது?" ஹெட் கான்ஸ்டபிள் பெஞ்சமின் தலையைச் சொறிந்தார்.

இன்ஸ்பெக்டர் ஸ்ரீதேவி கரையில் கிடத்தப்பட்ட உடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். காட்டன் புடவை. கழுத்தில் அடையாள அட்டை. 'லோகநாயகி, உதவிப் பேராசிரியர், கல்வியியல் துறை.' அட்டையின் நாடாவுக்கு மேலே, கழுத்தின் இருபுறமும் விரல் அழுந்திய கருநீலத் தடம்.

"தானா விழல, பெஞ்சமின். பிடிச்சு அமுக்கியிருக்காங்க."

"த்சொ... த்சொ... டீச்சரைப் போயி..."

போன் விடாமல் அடித்தது. ஸ்ரீதேவி எடுத்தாள்.

"லோகா! எங்கம்மா இருக்க? ராத்திரி பூரா தேடிட்டு இருக்கேன். பாப்பா உன்னைக் கேட்டு அழுதுட்டே இருக்கா... லோகா... பேசேன்!"

எத்தனையோ பிணங்களைப் பார்த்தவள் ஸ்ரீதேவி. பிணத்துக்கு வரும் போனுக்கு என்ன பதில் சொல்வது என்று மட்டும் இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

* * *

சரவணகுமாருக்குக் கல்பாக்கம் அணு ஆராய்ச்சி நிலையத்தில் அலுவலக வேலை. ஸ்டேஷன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். கண்கள் வீங்கியிருந்தன.

"நேத்து, வியாழக்கிழமை மதியம் உங்க மனைவி கடைசியா பேசினது உங்ககிட்டதான். அதுக்கப்புறம் அந்த போன்லேர்ந்து ஒரு காலும் போகல. வந்த எதையும் அவங்க எடுக்கல. நீங்களோ மதியத்துக்கு மேல லீவு. எங்க போனீங்க?"

"பாப்பாவுக்குப் பல் வலி மேடம். டாக்டர் வரலைன்னு திரும்பிட்டோம்."

"சாட்சி?"

"பாப்பாதான்..."

"உங்களுக்குள்ள சண்டைன்னு கேள்வி. ஆராய்ச்சியே வேணாம்னு மிரட்டினீங்களாமே? துறைத் தலைவர் ரவிச்சந்திரன் சொல்றாரு."

சரவணகுமார் விருட்டென்று நிமிர்ந்தான்.

"அவரா? கோபப்பட்டது உண்மை. ஆனா லோகா மேல இல்ல! ராப்பகலா இவ எழுதற கட்டுரைல அந்தாளு பேரு முதல்ல நிக்கும். இவ பேரு ரெண்டாவது. கேட்டா, 'தலைவர்னா அப்படித்தாங்க, எல்லா இடத்துலயும் வழக்கம்தான்'னு சொல்லுவா. இந்தத் தடவைதான் விடிஞ்சுது. வெளிநாட்டு யுனிவர்சிட்டி ஒண்ணு கூட்டு ஆராய்ச்சிக்கு வந்துச்சு. நிதியும் அவங்களே தராங்க. ஒரே கண்டிஷன்... தலைமை ஆய்வாளர் லோகாதான்!"

"என்ன ஆராய்ச்சி?"

"முட்டுக்காடு பக்கம் படிக்காத மீனவப் பெண்களுக்குப் புத்தகமே இல்லாம எழுத்து கத்துக்கொடுக்கறது. பஸ் போர்டு, கடைப் பலகை, படகுல எழுதின பேரு... தினம் கண்ணுல படறதுதான் பாடம்." அவன் குரல் கம்மியது. "நேத்து போன்ல அழுதா மேடம். சந்தோஷத்துல! அமிர்தவல்லின்னு ஒரு அம்மா. வீட்டுக்காரர் கடலுக்குப் போய்த் திரும்பல. மத்தவங்க கிளம்பினப்புறம் தனியா நின்னு, படகுல இருந்த அவர் பேரை எழுத்துக் கூட்டிப் படிச்சுட்டாங்களாம். 'திங்கட்கிழமை வெளிநாட்டுக்காரங்க முன்னாடி நானே சொல்லணுங்க. அதுவரைக்கும் மூச்சு விடாதீங்க. வெளிய தெரிஞ்சா வேற யார் பேர்லயாவது போயிடும்'னா..."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இப்பதான் முதல் தடவையா, உங்ககிட்ட." மேஜையில் முகம் புதைத்தான். "என்னை உள்ள வெச்சுட்டீங்கன்னா பாப்பாவுக்கு யாரு மேடம்? அம்மாவும் இல்லாம... அப்பாவும் இல்லாம..."

ஸ்ரீதேவி வெளியே வந்தாள்.

"இந்தாளு இல்ல மேடம். என் மனசு சொல்லுது," என்றார் பெஞ்சமின்.

"உங்க மனசைக் கூண்டுல ஏத்தி சாட்சி சொல்ல வைக்க முடியாதே? அந்த ரவிச்சந்திரன் நேத்து எங்க இருந்தாராம்?"

"அச்சரப்பாக்கத்துல. ஆசிரியர் பயிற்சி முகாம். சார்தான் சீஃப் கெஸ்ட்டு. குத்துவிளக்கு ஏத்தற போட்டோ பேப்பர்லயே வந்துகீது. வாசல்ல இன்னும் சார் பேரோட பேனர் தொங்குதாம்."

ஸ்ரீதேவி பெருமூச்சு விட்டாள். சரவணகுமாரைத் தவிர வேறு ஆள் இல்லை; அவனைக் கைது செய்ய ஆதாரமும் இல்லை.

* * *

திங்கட்கிழமை.

செங்கல்பட்டுக்கு வெளியே அந்தப் பல்கலைக்கழக அரங்கில் ஆராய்ச்சி விளக்கம் நடந்திருக்க வேண்டும். இரங்கல் கூட்டம் நடந்தது. வெளிநாட்டு விருந்தினர்கள் முன்வரிசையில் தலைகுனிந்திருந்தார்கள். கடைசி வரிசையில் சரவணகுமார், மடியில் மகள். பக்கத்து நாற்காலிகளில் யாரும் உட்காரவில்லை. கொன்றவன் இவன்தான் என்று கூட்டம் முடிவுகட்டிவிட்டது. ஊர் வாய்க்கு போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் எதற்கு?

மாலை போட்ட படத்துக்கு முன்னால் ஒரு பெண் நின்றாள். படத்துக்குக் கீழே இருந்த எழுத்துகளை விரலால் தொட்டாள்.

"லோ... க... நா... ய... கி..."

சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அமிர்தவல்லியா?" ஸ்ரீதேவி அருகில் போனாள்.

"ஆமாம்மா. டீச்சரம்மா பேரும்மா இது! நானே படிச்சேன்!" கண்ணீர் கொட்டியது. "மொதல்ல படிச்சது எங்கூட்டுக்காரரு பேரு. ரெண்டாவது இது. நான் படிக்கிற பேரெல்லாம் செத்தவங்க பேராவே கீதேம்மா... எதுக்கும்மா எனக்கு இந்தப் படிப்பு?"

ஸ்ரீதேவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"படகுல பேரு படிச்சதை யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"ஊஹூம். டீச்சரம்மா கைல அடிச்சி சத்தியம் வாங்கிச்சு. எம் புள்ளைங்களுக்கே தெரியாது."

மைக் கரகரத்தது. துறைத் தலைவர் ரவிச்சந்திரன் மேடையேறினார். வெள்ளைச் சட்டை, தழுதழுத்த குரல்.

"நண்பர்களே! இது லோகநாயகியின் ஆராய்ச்சி மட்டுமல்ல... எங்கள் ஆராய்ச்சி! விதை போட்டவன் நான். தண்ணீர் ஊற்றியவர் அவர். இனி நானே முன்னின்று இதை முடிப்பேன். ஒரு காட்சி சொல்கிறேன்... கடலில் கணவனைப் பறிகொடுத்த சகோதரி அமிர்தவல்லி, படகில் எழுதியிருந்த 'சுப்பிரமணி' என்ற பெயரை விரலால் தடவித் தடவிப் படித்தார். பக்கத்தில் நின்று என் கண்ணால் பார்த்தேன்! நானும் அழுதேன்!"

கைக்குட்டை கண்ணுக்குப் போனது. கைதட்டல் எழுந்தது.

கடைசி வரிசையில் சரவணகுமார் எழுந்து நின்றுவிட்டான்.

ஸ்ரீதேவி அதற்குள் மேடையில் இருந்தாள்!

"அருமையான பேச்சு சார். அதை எப்போ பார்த்தீங்க?"

"அ... அது... போன மாசம்."

"போன மாசமா?" கீழேயிருந்து அமிர்தவல்லி கத்தினாள். "போன மாசம் எனக்கு எழுத்தே புடிபடல! வியாழக்கெழமதான் படிச்சேன். நானும் டீச்சரம்மாவும்தான் இருந்தோம். நீ எங்கயா வந்த?"

"வியாழக்கிழமை சார் அச்சரப்பாக்கத்துல வெளக்கு ஏத்திகினு இருந்தாரே!" என்றார் பெஞ்சமின் அப்பாவியாக.

ரவிச்சந்திரனுக்கு வியர்த்தது. "லோகநாயகி... போன்ல சொன்னாங்க."

"இந்தம்மா படிச்சப்புறம் அந்த போன் புருஷனைத் தவிர யார்கிட்டயும் பேசல சார். நேர்ல சொல்லியிருந்தாத்தான் உண்டு." ஸ்ரீதேவி நெருங்கினாள். "விளக்கு ஏத்தி, சால்வை வாங்கினதும் சீஃப் கெஸ்ட் நழுவிடுவாருன்னு ஊருக்கே தெரியும். பேனர்ல பேரு மட்டும் சாயங்காலம் வரைக்கும் தொங்கும். நான்தான் மடச்சி... பேனரை ஆளுன்னு நம்பிட்டேன்!"

மைக் இன்னும் அணைக்கப்படவில்லை. ரவிச்சந்திரன் உடைந்தது அரங்கம் முழுக்கக் கேட்டது.

"தலைமை ஆய்வாளரா என் பேரைப் போடுன்னு கேக்கத்தான் முட்டுக்காட்டுக்குப் போனேன்... இத்தனை வருஷமா போட்டவதானே! சிரிச்சுக்கிட்டே ஓடி வந்தா. 'சார், அந்தம்மா படிச்சிட்டாங்க சார்'னா. சந்தோஷத்தை மறைக்கத் தெரியல அவளுக்கு. ஆனா... 'இந்தத் தடவை பேரை மட்டும் தரமாட்டேன் சார்'னுட்டா..."

கொல்லப் போகிறவனிடமும் அந்தச் சந்தோஷத்தைப் பகிர்ந்துகொண்டிருக்கிறாள், பாவி மகள்!

சரவணகுமார் மகளை இறுக்கிக்கொண்டு விம்மினான். காலியாகக் கிடந்த பக்கத்து நாற்காலியில் அமிர்தவல்லி வந்து உட்கார்ந்தாள். குழந்தையின் தலையைத் தடவினாள்.

விலங்கு மாட்டிய கையோடு ரவிச்சந்திரன் கெஞ்சினார். "நான் மட்டும் காரணமில்ல இன்ஸ்பெக்டர்... சூழ்நிலையும்தான்..."

"அட, இதுக்குமா கூட்டு ஆய்வாளர்?" என்றாள் ஸ்ரீதேவி. "வாழ்க்கைல நீங்க சொந்தமா செஞ்ச ஒரே வேலை இதுதான் சார். குற்றப்பத்திரிகைல முதல் பேரும் உங்களுது... ஒரே பேரும் உங்களுது!"