கல்யாணக் கசற்றின் மறுபாதி

2005 ஏப்ரல் 28, காலை 9.10. மருதமுனையில் ஜவுபரின் ஸ்டூடியோ அலுமாரியில் ஒரேயொரு வீடியோ கசற்றைக் காணவில்லை. சுனாமியில் இறந்தவர்களை அடக்குவதற்கு முன் ஜவுபர் முகம் முகமாக எடுத்த படம் அது. காணாமற்போன ஒன்பது வயது மகள் றினோஸா அதில் இருக்கிறாளா என்று பார்க்க, தாய் சபூறா அன்று பத்து மணிக்கு வருவதாக இருந்தது.

சப் இன்ஸ்பெக்டர் பூபாலசிங்கம் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வேற ஆரும் அதப் பாத்ததா?"

"இல்ல சேர். நானே திருப்பிப் பாக்கல்ல. சுனாமிக்கு முதல் நாள் கல்யாணம் எடுத்த கசற்றுத்தான் கெமராவுக்குள்ள கிடந்த. பந்தியில வட்டிலப்பம் வெக்கிறதோட கல்யாணம் முடியும். அடுத்தது செத்தவங்கட மையத்துகள்தான்."

"நேத்து ஆரார் உள்ள வந்த?"

"இங்க வேல செய்ற சீனிமுகம்மது. பாஸ்போட் படம் எடுக்க சபூறாட தம்பி மர்சூக். ரெண்டு பேர்தான்."

சீனிமுகம்மது சுனாமியன்று தன் கையால் நாற்பது மையத்துத் தூக்கியவன். மர்சூக் அப்போது கத்தாரில். பெப்ரவரியில்தான் ஊர் வந்தான். அந்தக் கசற்றைக் கண்ணாலும் காணவில்லை என்று இருவரும் அடித்துச் சொன்னார்கள்.  பூபாலசிங்கம் கடையில் வட்டிலப்பம் வாங்கிக்கொண்டு எல்லாரையும் சபூறா வீட்டுக்குக் கூட்டிப் போனார். துக்க வீட்டுக்கு இனிப்போடு போகிற மனுசனை ஜவுபர் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தான்.

11.00. சபூறா வட்டிலப்பத்தைத் துண்டு போட்டுத் தட்டுகளில் வைத்தாள். சீனிமுகம்மது இரண்டு துண்டை ஒரே மூச்சில் முடித்தான். மர்சூக் தட்டைக் கண்டதும் கண்ணை இறுக்கி மூடினான். நெற்றி வேர்த்துக் கொட்டியது.

"என்ன தம்பி? கத்தார்ல இருந்து வந்த அண்டைக்கு இதத்தானே முதல்ல கேட்ட நீ?" என்றாள் சபூறா.

"கசற்ற எடுத்துத் தாங்க, மர்சூக்," என்றார் பூபாலசிங்கம். "கண்ணிவெடியில என்ட ஆக்கள் சிதறினதக் கண்டவன் நான். ஆனா என்ன உலுப்புறது ரெத்தமில்ல. வெடிக்கிறதுக்குக் கொஞ்சம் முன்ன ரோட்டுல நிண்ட மஞ்சள் சைக்கிள். அப்படி ஒண்டக் கண்டா முழுப்படமும் தானா ஓடும். கொடுமைக்குச் சற்று முன்ன கண்டத மூளை ஆபத்துக்கு அடையாளமாப் பிடிச்சு வெக்குமெண்டு டொக்டர் சொன்னவர். வட்டிலப்பத்துக்குப் பின்னால மையத்து வாறது அந்தக் கசற்றுல மட்டும்தான்."

மர்சூக் உடைந்து அழுதான். "புள்ள அதுல இரிக்கா, ராத்தா. நேத்து எடுத்துட்டு வந்து ராவு தனியாப் போட்டுப் பாத்தன். நான் பாத்தத நீங்க பாக்கப்படாதெண்டுதான் ஒளிச்சன்."

"நாலு மாசமா அவள் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விதமா என்ட கண்ணுக்குள்ள செத்து மவுத்தாகுறாள், தம்பி. உண்மையான ஒண்டக் காட்டு. மத்ததெல்லாம் போகட்டும்."

அவன் தன் அறைக்குப் போய்க் கசற்றை எடுத்து வந்தான். ஜவுபர் அதை வீடியோ டெக்கில் போடப்போக, பூபாலசிங்கம் அவன் கையைப் பிடித்தார்.

"கல்யாணத்தத் தாண்டிச் சுத்தி, புள்ளட முகத்துல நிப்பாட்டு. இவவுக்கு வட்டிலப்பமாவது மிஞ்சட்டும்."