மூன்றாவது திசையில் ஆள் இல்லை

மூன்றாவது திசையில் ஏழு பேர் இருந்தார்கள்.

லேப்டாப் திரை அப்படித்தான் சொன்னது. எஞ்சினியர் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிப் பார்த்தான். எட்டு. செல்போன் டவரின் முதல் ஆன்டெனா கடைத்தெருவைப் பார்த்திருந்தது; இரண்டாவது, வீடுகளை. மூன்றாவது பார்த்துக்கொண்டிருந்தது தண்ணீர் வற்றி, சேறு வெடித்து, முள் மண்டிக் கிடக்கும் ஏரியை. அங்கே ஆடுகூட மேயாது. பிறகு எதற்கு அந்தப் பக்கம் ஒரு ஆன்டெனா என்றால், வரைபடத்தில் மூன்று என்று போட்டிருந்தது, அதனால் மூன்று.

அன்றைய வேலை, பழைய மெஷினைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதியதை மாட்டி, கம்பெனி புதிதாக ஏலத்தில் எடுத்த அலைவரிசையை அதில் திறந்துவிடுவது. நூறு பேர் சேர்ந்து பேசினாலே மூச்சுத் திணறிய டவர் இனி ஒவ்வொரு திசையிலும் நானூறு பேரைத் தாங்கும். வழக்கமாக இதை ஊர் தூங்கும் நேரத்தில் செய்வார்கள். இந்த ஊருக்காக யாரும் தூக்கம் கெட வேண்டியதில்லை என்று தலைமை அலுவலகம் பகலையே ஒதுக்கிவிட்டது. காலை பத்து மணியிலிருந்து ஊரில் ஒரு போனும் வேலை செய்யவில்லை. மருந்துக்கடைக்காரர் கம்பி வேலிக்கு வெளியே நின்று எஞ்சினியரின் பிறப்பு குறித்துச் சில சந்தேகங்களை எழுப்பிவிட்டுப் போனார். அவருக்குப் பின்னால் வந்தவர்களுக்குச் சந்தேகமே இல்லை. அவர்களில் ஒருவர் எறிந்த கல் பைக்கின் கண்ணாடியை உடைத்தது.

தலைமை அலுவலகத்தில் எஞ்சினியர்களை மேய்ப்பவருக்கு ஃபாலோஅப் என்று பெயர். வேறெந்த வேலையும் அவர் செய்து யாரும் பார்த்ததில்லை. போன் செத்த ஊரிலும், டவருக்கு வரும் கேபிள் வழியாக அவருடைய செய்திகள் மட்டும் லேப்டாப்பில் தவறாமல் விழுந்தன. புதிய அலைவரிசையில் ஐம்பது பேராவது இணைந்திருப்பதாக ஆறு மணிக்குள் ஸ்கிரீன்ஷாட் வர வேண்டும். வராவிட்டால் நாளையிலிருந்து நீயும் வர வேண்டாம் என்றது ஐந்து மணிச் செய்தி. அந்த அலைவரிசையைப் பிடிக்கும் போன் ஊரில் பத்துப் பதினைந்துதான் இருக்கும். அதிலும் பாதிப் பேர் அதற்குப் பணம் கட்டியிருக்க மாட்டார்கள்.

அதனால் எஞ்சினியர், தொழிலில் எல்லோரும் செய்துவிட்டு யாரும் ஒப்புக்கொள்ளாத ஒன்றைச் செய்தான். உள்ளே வரும் ஒவ்வொரு போனையும் டவர் நீ யார் என்று கேட்கும். அந்தக் கேள்வியை அணைத்தான். இனி யார் தட்டினாலும் கதவு திறக்கும்.

அதைவிடப் பெரிய தப்பு, மேலே ஆள் இருக்கும்போது செய்தது. ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் ஆள் நிற்கையில் சிக்னலைத் திறப்பது, சமைக்கும் அடுப்பில் தலையை விடச் சொல்வது போல. மேலே நாற்பது மீட்டர் உயரத்தில் நின்றது அவன் தங்கச்சி புருஷன். பழைய மெஷின் காலத்தில் மாப்பிள்ளை ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் ஏறுவான். மச்சானை நம்பலாம், மச்சானின் விரலை நம்ப முடியாது என்பான். புதிய மெஷினில் பிடுங்குவதற்கு ஒன்றும் இல்லை. சிக்னல் பூட்டியிருக்கிறது என்று கீழே இருப்பவன் சொல்லும் வார்த்தைதான் ஃபியூஸ். ஏழு மாத வயிற்றோடு தங்கச்சி காலையில் வாசல் வரை வந்து சொல்லியிருந்தாள்: "அவர் எறங்குற வரைக்கும் நீ கைய கட்டிக்கிட்டு உக்காரு. அவ்வளவுதான் உன் வேலை."

மாப்பிள்ளை இருந்தது முதல் ஆன்டெனாவின் பக்கம். ஆகவே மூன்றாவதை மட்டும் திறந்தால் பாதகமில்லை. அதன் பின்பக்கம் கசியும் சிக்னலில் கடைத்தெருப் போன்கள் கொஞ்சம் மாட்டும். அதற்குள் மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம். எஞ்சினியர் போட்ட கணக்கு அது.

எண்ணிக்கை இருபத்து மூன்றானது. பிறகு அறுபது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினான். ஃபாலோஅப் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டு அன்றைய கடமையை முடித்துக்கொண்டார். வேலை தப்பியது. எஞ்சினியர் நாற்காலியில் சாய்ந்தான். ஜன்னலில்லாத அந்தத் தகர அறையில் புது பிளாஸ்டிக் சூடேறும் வாடையும் பேட்டரிகளின் புளித்த நெடியும் கலந்து நின்றன. மெஷினின் விசிறிகள் சீராக இரைந்துகொண்டிருந்தன. அந்த இரைச்சலுக்கு அடியில், சுமை ஏறுவதற்குத் தக்கபடி ஒரு சின்ன முனகல் கூடிக்கொண்டே போனது. நிம்மதியில் அவன் பக்கத்துப் பத்தியைப் பார்த்தான். பார்த்திருக்க வேண்டாம்.

அந்தப் பத்தி, ஒவ்வொரு போனும் ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு தூரம் என்று காட்டுவது. கடைத்தெருப் போன்கள் என்றால் ஒன்று இருநூறு, ஒன்று ஐந்நூறு என்று சிதறிக் கிடக்கும். இங்கே அறுபதும் ஒரே எண். ஆயிரத்து நூறு மீட்டர். ஏரியின் நட்டநடு.

ஆயிரத்துத் தொண்ணூற்றெட்டு.

ஆயிரத்துத் தொண்ணூற்றாறு.

யாரோ நடந்து வரும் வேகம். அதற்குள் நூற்றிருபது பேர், ஒரே காலடியில்.

வாக்கி-டாக்கியை எடுத்து, ஏரிப் பக்கம் யாராவது தெரிகிறார்களா என்று மாப்பிள்ளையைக் கேட்டான். மேலே டேப் கிழிபடும் சத்தம் கேட்டது. பிறகு, ஒருத்தனும் இல்லை, காற்றுகூட இல்லை, எதற்குக் கேட்கிறாய் என்று பதில் வந்தது. சும்மாதான் என்றான்.

"நீ சும்மா எதையும் கேக்க மாட்டியே மச்சான். மூணாவது பூட்டித்தானே இருக்கு?"

எஞ்சினியர் திரையைப் பார்த்தான். இருநூற்றுப் பதினான்கு பேர். அறுநூறு மீட்டர். அது நடக்கும் வேகம் இல்லை.

"பூட்டித்தான் இருக்கு மாப்ள."

சொல்லிவிட்டு அவசரமாகப் பூட்டுவதற்கான கட்டளையைத் தட்டினான். மெஷின் மரியாதையாகப் பதில் சொன்னது: இணைந்திருப்பவர்கள் வெளியேறிய பிறகு மூடப்படும், காத்திருக்கவும். காத்திருந்தான். யாரும் வெளியேறவில்லை. இருநூற்றைம்பது. முந்நூறு. தூரம் ஐந்நூறானது, நானூறானது. உடனே இறங்கு என்றான் வாக்கி-டாக்கியில். மாப்பிள்ளை எரிந்து விழுந்தான். காலையிலிருந்து சீக்கிரம் சீக்கிரம் என்று உயிரை வாங்கினாய், இப்போது கடைசி இணைப்புக்கு டேப் சுற்றும்போது இறங்கச் சொல்கிறாய், மழைத் தண்ணீர் உள்ளே போனால் நாளைக்கு உன் அப்பனா வந்து ஏறுவான் என்றான். உண்மையைச் சொன்னால் அந்த நொடியே இறங்கிவிடுவான். எஞ்சினியர் வாயைத் திறந்தான். தங்கச்சியின் முகம் ஞாபகம் வந்தது. வாயை மூடினான்.

இருநூறு மீட்டர்.

நூறு.

அறைக்கு வெளியே சரளைக்கல் போட்டிருந்தார்கள். ஒரு நாய் நடந்தாலும் கேட்கும். காதைத் தகரக் கதவில் வைத்தான். ஒன்றும் இல்லை. ஆனால் கதவு குளிர்ந்திருந்தது. மறுபக்கம் நிறைய ஈரத்துணி சாய்த்து வைத்தது போல.

நாற்பது.

அங்கே நின்றது. டவரின் அடி. அப்படியென்றால் இந்த அறையைச் சுற்றி. ஆன்டெனா நாற்பது மீட்டர் உயரத்தில் இருக்கிறது; தரையில் நிற்கும் எவனும் அதற்கு மேல் நெருங்க முடியாது. இது கணிதம். இதை மட்டும் யாராலும் மாற்ற முடியாது.

முப்பத்தொன்பது.

முப்பத்தெட்டு.

மெயின் சுவிட்சை இறக்கினான். பேட்டரி இணைப்பைப் பிடுங்கினான். விசிறிகள் ஒவ்வொன்றாக நின்றன. மெஷினின் பச்சை விளக்குகள் செத்தன. அறையே கும்மிருட்டு. லேப்டாப் மட்டும் வெளிச்சமாக, செத்த மெஷினோடு பேசிக்கொண்டிருந்தது. முந்நூற்றுத் தொண்ணூறு. முப்பது மீட்டர்.

அப்போதுதான் கேட்டது. டவரிலிருந்து சுவர் வழியாக உள்ளே வரும் கேபிள் தாங்கி அதிர்ந்துகொண்டிருந்தது. மெல்ல. சீராக. கால் வைக்க வைக்க ஏணி அதிர்வது போல.

வாக்கி-டாக்கி கரகரத்தது.

"மச்சான். கீழேர்ந்து யாரையாவது ஏத்திவிட்டியா?"

"இல்ல. யாரும் இல்ல. நீ எறங்கு மாப்ள. டேப்ப விடு. எறங்கு."

"ஏணி ஆடுது."

"எறங்குடா."

"எப்படி எறங்குறது? கண்ணுக்கு ஒருத்தரும் தெரியல." அவன் குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "ஆனா ஏணில கால் வைக்க எடம் இல்ல."

இருபது மீட்டர். பன்னிரண்டு.

எஞ்சினியர் சொல்லிவிட்டான். மூன்றாவதைத் திறந்துவிட்டதை, கேள்வியை அணைத்ததை, பொய் சொன்னதை, எல்லாவற்றையும் ஒரே மூச்சில். கேட்கிறதா என்று இரண்டு முறை கெஞ்சினான். மேலே வாக்கி-டாக்கியின் பொத்தானை மாப்பிள்ளை அழுத்தினான். அவன் மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது. குட்டை குட்டையான மூச்சு. நெஞ்சை யாரோ அழுத்துவது போல.

"எடம் இருக்கான்னு கேக்குறாங்க மச்சான்," என்றான் மாப்பிள்ளை. "கொஞ்சம் நகரச் சொல்றாங்க."

"நகராத."

"நான் எங்க நகர்றேன்."

பொத்தான் விடுபட்டது.

எஞ்சினியர் கதவை உதைத்துத் திறந்து ஓடினான். சரளையில் அவன் காலடி மட்டும் கேட்டது. வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. ஏணியில் யாரும் இல்லை. கடைசிப் படியிலிருந்து முதல் படி வரை, வெறும் இரும்பு. பனி படர்ந்தது போல எல்லாப் படிகளும் நனைந்திருந்தன. சொட்டவில்லை. கழுத்தைப் பின்னால் சாய்த்து மேலே பார்த்தான்.

ஆன்டெனாக்களை ஒட்டிய இரும்பு மேடையில் மாப்பிள்ளை இல்லை.

மேடையின் கம்பிக்கு அப்பால், நாலடி தள்ளி, ஏரிப் பக்கமாக, வெறும் காற்றில் நின்றுகொண்டிருந்தான். தோள்களைக் குறுக்கி. மூச்சுக்கு இடம் தேடி முகத்தை மேலே தூக்கி. ஒரு கையை யார் தலைக்கு மேலோ உயர்த்தி. பண்டிகை நாள் பஸ்ஸில் நடுவில் மாட்டிக்கொண்டவன் நிற்பது போல. இடுப்புக் கயிறு அவிழ்ந்து தொங்கியது. அவன் விழவில்லை. விழ இடமில்லை. பக்கத்தில் நிற்பவர்களோடு சேர்ந்து மெல்ல இடமும் வலமும் அசைந்தான். ஒவ்வொரு அசைவுக்கும் அரை அடி, அரை அடியாக, கூட்டத்துக்கு உள்ளே போய்க்கொண்டிருந்தான்.