இடப்பக்க ஜன்னல்

பூட்டிக் கிடந்த வீட்டின் முன் காரை நிறுத்தியதும் ஆர்க்கிடெக்ட் பார்த்தது வாசலில் நின்ற மாப்பிள்ளையை அல்ல, வீட்டின் முகப்பைத்தான். நடுவில் கதவு. இருபுறமும் இரண்டிரண்டு தூண்கள். மாடியில் வலப்பக்கம் ஒரு ஜன்னல், இடப்பக்கம் ஒரு ஜன்னல். நடுவே கோடு கிழித்து மடித்தால் ஒரு பாதி மறுபாதியின்மேல் அச்சாகப் படியும். பிற்பகல் வெயிலில் தூண்களின் நிழல்கூட அளவெடுத்துத்தான் விழுந்தது.

பழக்கடைக்காரன் பளபளப்பான பழங்களை முன்வரிசையில் அடுக்குவது போலத்தான் அவர் வீடு கட்டுவார். பின்வரிசையில் அழுகல் இருந்தால் அது வாங்குகிறவன் தலையெழுத்து.

"இடிக்க ஆள் சொல்லிட்டீங்களாமே?"

"நாளைக்குக் காலைல வர்றான் மச்சான்." தங்கையின் கணவர் சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். "அவ ரூம்ல நிஜமா ஒரு ஜன்னல் வைக்கப் போறேன்."

"வெள்ளிக்கிழமை போட்டோகிராபர் வர்றாரு. இந்த வீட்டைத்தான் விருதுக்கு அனுப்பறேன். அதுவரைக்கும் முகப்புல கை வைக்காதீங்க மாப்ளே. காலைப் பிடிச்சுக் கேக்கறேன்னு வச்சுக்குங்க."

"இன்னும் பிடிக்கலையே, மச்சான்."

இடப்பக்க ஜன்னல் பொய். கூடத்துக்குக் கம்பீரமான உயரம் வேண்டும் என்று மாடியில் தங்கையின் அறைத் தரையை மட்டும் ஆர்க்கிடெக்ட் ஏற்றிவிட்டார். வலது ஜன்னலுக்குச் சமமாக இடது ஜன்னலை வைத்தால், அறைக்குள் அது முழங்காலோடு முடிந்துவிடும். தூக்கி வைத்தால் முகப்பு கோணிவிடும். எனவே செங்கல்லால் அடைத்துவிட்டு, வெளியே சட்டத்தையும் கண்ணாடியையும் மட்டும் மாட்டினார். அறையின் மற்றப் பக்கங்களில் மாடிப்படியும் அடுத்த வீட்டுச் சுவரும்.

தங்கை பேரம் பேசிப் பார்த்தாள். "பெரிசா வேணாம்ணா. தலை நுழையற அளவுக்கு ஒண்ணு." அண்ணன் ஏ.சி. மாட்டித் தருவதாகச் சொல்லிப் பேரத்தை முடித்தார்.

போன வருடம் கூடத்தில் மின்கசிவு. தீ சின்னது. புகைதான் பெரிது. புகையில் படியேற முடியாமல் அக்கம்பக்கத்தார் ஏணி சாத்தி, இடப்பக்க ஜன்னலின் கண்ணாடியை உடைத்தார்கள். பின்னால் செங்கல். புகைக்குப் பயந்து தரையோடு தவழ்ந்தவள் அதே செங்கல்லுக்கு மறுபுறம், அதே உயரத்தில் முகத்தை வைத்துச் செத்துக் கிடந்தாள்.

கண்ணாடியை மறுவாரமே மாற்றியவர் ஆர்க்கிடெக்ட். முகப்பு பல் போன வாய் மாதிரி இருந்ததாம்.

"சரி மச்சான், ஒரு பேச்சு. அந்த ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டுத் தனியா உக்காருங்க. வெயில் இறங்கட்டும். அப்பவும் ஜன்னல் வேணாம்னு சொன்னீங்கன்னா வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுக்கறேன்."

சரக்கு இவ்வளவு மலிவாகப் படியும் என்று ஆர்க்கிடெக்ட் எதிர்பார்க்கவில்லை. உடனே ஒப்புக்கொண்டார்.

அறையில் புதுச் சுண்ணாம்பு வாசனை. அதற்கு அடியில், துவைத்தும் போகாத வியர்வை போல, கருகிய வாசனை. மின்சாரம் துண்டித்திருந்தார்கள். கதவு சாத்தியதும் இருட்டு கெட்டியானது. நாற்காலியில் சாய்ந்து, விருது மேடையில் என்ன பேசலாம் என்று யோசித்தார்.

காலில் ஏதோ சுட்டது.

குனிந்தார். அவர் செருப்பின்மேல் வெயில் விழுந்திருந்தது.

நீள்சதுரமாக, குறுக்கே சட்டத்தின் நிழலோடு, ஜன்னல் வெயில். எதிரே வெறும் சுவர்.

எழுந்து தடவினார். சுவர் குளிர்ந்திருந்தது. மண்டியிட்டு, கையைக் கீழே இறக்கினார். முழங்கால் உயரத்தில் அது வெதுவெதுப்பாக இருந்தது.

வெளியே ஏணி சாத்தும் சத்தம்.

அறைக்குள் புகை நெளிந்தது. வெயில் சதுரத்தில் ஒரு தலையின் நிழல் ஏறியது, கை ஓங்கியது. கண்ணாடி உடைந்து சிதறும் சத்தம். பிறகு இரும்பு செங்கல்லில் மோதியது. மறுபடியும் மோதியது.

"இங்க இருக்கேன்! உள்ள ஆள் இருக்கு!" இருமிக்கொண்டே சுவரைக் குத்தினார்.

காதருகில், தரையோடு தரையாக, ஒரு மூச்சு.

"கத்தாதேண்ணா. அது ஜன்னல் இல்ல."

கதவு திறந்தபோது அவர் சுவரில் முகத்தை வைத்துக் கிடந்தார். புகை இல்லை. வெயிலும் இல்லை.

"வாசல்லதான் நின்னேன். ஒரு சத்தமும் இல்லையே" என்றார் மாப்பிள்ளை. "என்ன மச்சான், ஜன்னல் வேணுமா?"

ஆர்க்கிடெக்ட் முகத்தைத் துடைத்தார். கைக்குட்டை கரியானது. அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும்" என்றார்.

செல்லாத நாணயத்தைப் புரட்டிப் பார்ப்பது போல மாப்பிள்ளை அவரைப் பார்த்தார். ஆனாலும் கொடுத்த வாக்கை மீறவில்லை. படம் எடுத்த மறுநாள்தான் சுவரைத் திறந்தார். அன்று மாலையே போன் செய்தார்.

"வீடே லேசாயிடுச்சு மச்சான். அவ இங்க இல்ல. எங்கயோ கிளம்பிட்டா."

ஆர்க்கிடெக்ட் நிம்மதியாகப் படத்தைப் பெரிதாக்கி, கண்ணாடி போட்டு, அலுவலகச் சுவரில் மாட்டினார். விருதுக் குழுவில் இருந்த நண்பர் ஒருநாள் மதியம் கூப்பிட்டார்.

"வருத்தப்படாதீங்க, கிடைக்கல. அளவு, நிழல், தூண் வரிசை, ஒண்ணுலயும் குறையில்ல. ஆனா அந்த இடது ஜன்னலைச் சாத்திட்டுப் படம் எடுத்திருக்கக் கூடாதா? சமநிலையே போச்சு. கண்ணு வேற எங்கயும் நிக்க மாட்டேங்குது."

"எந்த ஜன்னல்?"

"இடதுங்க. அந்தம்மாவையாவது நகர்ந்துக்கச் சொல்லியிருக்கலாம். முட்டி போட்டுத் தலையை வெளிய நீட்டிக்கிட்டு... யாருங்க அவங்க?"

ஆர்க்கிடெக்ட் எழுந்து படத்தருகே போனார். இரண்டு ஜன்னல்களும் சாத்தியே இருந்தன. இம்மி பிசகாத சமம். இடது ஜன்னலின்மேல் மட்டும் லேசாகப் பனி படிந்திருந்தது. விரலால் துடைத்தார்.

போகவில்லை. அது கண்ணாடிக்கு உட்புறம்.

அவர் பார்க்கப் பார்க்க அது சுருங்கியது. பிறகு, மூச்சு விடுவது போல, மெல்லப் பெரிதானது.