மிதமான வன்முறை

"உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா இருக்கேன்."

"கேளுங்களேன். கேக்குறதுக்கு என்ன காசா பணமா?"

"வேணாம். நீ சிரிப்பே."

காலையில், சமையலறையில் பாத்திரம் கழுவியபடி கணவர் சொன்னது மாலைவரை அவள் மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. பல மாதமாக இதே பீடிகை. வேறு எவளாவது இருக்கிறாளோ? முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அவள்தான் செல்போனிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லையே.

வீடியோ கேம்களில் வன்முறை எவ்வளவு என்று பார்த்துத் தரம் பிரிப்பது அவள் வேலை. முதலில் சத்தமில்லாமல் படம். பிறகு திரையை அணைத்துவிட்டுச் சத்தம் மட்டும். இன்றைய விளையாட்டில் ஒரு சமையலறை, முதுகு காட்டிப் பாத்திரம் கழுவும் ஒருவன், ஆடுபவர் கையில் சுத்தியல். எத்தனை அடித்தாலும் அவன் விழவில்லை, கழுவிக்கொண்டே இருந்தான்.

"என்னக்கா, கடுமையா, மிதமா?" பையை மாட்டிக்கொண்டு கிளம்பிய பக்கத்து இருக்கை சோடாபுட்டி கேட்டான்.

"ரத்தம் இல்ல, கெஞ்சல் இல்ல, முகமே காட்டல. மிதம்தான்."

"மேனேஜர் திட்டுறதுக்கே 'கடுமை' போடலாம். இதுக்கு மிதமா!" சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

திரையை அணைத்து ஹெட்போனை மாட்டினாள். குழாய் சொட்டும் சத்தம், கீல் தேய்ந்த அலமாரிக் கதவின் கிறீச்சிடல், இரண்டுக்கும் நடுவே ஓர் ஆண்குரல் முணுமுணுத்த மெட்டு. அது ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் சுருதி இறங்கியது. கணவர் எப்போதும் பிசகும் அந்த இடம் அவளுக்குத் தெரியும். தன் வீட்டுச் சமையலறையின் அந்தக் கதவும் தெரியும்.

இதை யார் பதிவு செய்தது? அவரேவா? எதற்கு?

பொத்தானை அழுத்தினாள். தொப். மெட்டு நின்றது. மறுபடி தொடங்கியது.

செல்போனில் கணவரை அழைத்தாள். மணி ஹெட்போனுக்குள் அடித்தது.

கன்ட்ரோலரைக் கீழே வைத்தாள். தொப். விரல் எதிலும் படவில்லை. தொப்.

ஹெட்போனைக் கழற்றினாள்.

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

கறுத்த திரையில் அவள் பிம்பம். பின்னால், நாற்காலியை ஒட்டி, இன்னொன்று. அவள் வாங்கித் தந்த கோடு போட்ட சட்டை. ஈரக் கைகள். காலருக்கு மேலே, அடித்து அடித்துச் சமமாகிப்போன வழவழப்பு. கண் இல்லை. வாய் இல்லை.

ரத்தமும் இல்லை.

"சிரிக்காதே, என்ன?" காதருகே அவர் குரல். "ஒரே ஒரு தடவை திரும்பி என் முகத்தைப் பாரேன்."