மூன்றாவது போர்டு

பொன்னாயியின் குரல் சற்றுப் பக்கத்தில் வந்திருந்தது.

கேசட்டைக் கம்ப்யூட்டரில் இணைத்து முதல் மதர்போர்டில் கேட்டபோது அவள் மிளகுச் சரிவின் அடியிலிருந்து கூப்பிட்டாள். இரண்டாவதில், பலா மரத்தடியிலிருந்து. கேசட் அதேதான். இரைச்சல் குறைந்ததால் அப்படித் தோன்றுகிறது என்று கதிர்வேல் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

போன ஐப்பசியில், வாசலில் உட்கார்ந்து ஓடைச் சத்தத்தை ரெக்கார்டரில் பிடித்துக்கொண்டிருந்தபோதுதான் மனைவி பொன்னாயி சரிவிலிருந்து கூப்பிட்டாள். "ஏனுங்க." மறுபடியும், "ஏனுங்க." இருட்டுக்கட்டும் நேரத்தில் யார் கூப்பிட்டாலும் மூன்றாம் முறைக்குத்தான் அவர்கள் ஊரில் பதில் கொடுப்பார்கள், மனுசரல்லாதது மூன்று முறை கூப்பிடாதாம். அவன் மூன்றாவதற்குக் காத்திருந்தான். பொறுக்காமல் எழுந்து போனபோது, பாறை இடுக்கில் கிடந்தவளுக்கு உயிர் இல்லை.

மூன்றாம் முறையும் கூப்பிட்டாளா? ஓடை இரைச்சலில் அவன்தான் கேட்காமல் விட்டானா? அது தெரிந்தால் போதும்.

"ஏனுங்க, பொண்ணு பாக்கப் போறவங்ககூட ரெண்டோட முடிச்சுக்குவாங்க. நீங்க மூணாவது போர்டு கேக்கறீங்க," என்று சேந்தமங்கலத்துக் கம்ப்யூட்டர் கடையில் சைபுல்லா சிரித்தார்.

"இரைச்சலே இருக்கக் கூடாதுங்க."

"அப்ப இத எடுத்துக்குங்க. போர்டுலயே சவுண்டு இருந்தா கரண்டு இரைச்சல் ஒட்டிக்கும். இதுல சவுண்டே கெடையாது. தனிக் கார்டு சொருகிக்கணும். அப்படி என்னதான் பாட்டுங்க அது?"

கதிர்வேல் காசை எண்ணி வைத்தான். கடைசி பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, வளைவுக்கு வளைவு மூடுபனி ஏற ஏற, மலையேறினான்.

மறுநாள் பொழுது சாயும்போது எல்லாம் பூட்டி முடிந்தது. ஜன்னலில் பனி அப்பியிருக்க, அறையெங்கும் ஒயர் பற்றவைத்த ஈய வாடையும் எங்கிருந்தோ ஈரமண் வாடையும் கலந்து நிற்க, அவன் கேசட்டை ஓடவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டான். ஓடை. இலைகள். மைக்கருகே அவனுடைய அன்றைய மூச்சு.

"ஏனுங்க." பலா மரத்தைத் தாண்டி.

"ஏனுங்க." வாசற்படியில்.

பிறகு ஓடை மட்டும். நெடுநேரம். கேசட் முடிந்து டக்கென்று நின்றது.

மூன்றாம் முறை அவள் கூப்பிடவில்லை. அவன் எதையும் கேட்காமல் விடவில்லை. ஓராண்டாக நெஞ்சில் கிடந்த கல் புரண்டது. கண் நிறைந்தது.

காதுக்குள் துளி இரைச்சல் இல்லை. அவன் தேடித் தேடி வாங்கிய அமைதி.

அந்த அமைதிக்குள்.

"ஏனுங்க."

யோசிக்கும் முன் வாய் முந்திக்கொண்டது. "வாரேன்."

ஈரமண் அப்பிய இரண்டு கைகள், மிளகிலை ஒட்டிய மணிக்கட்டில் உடைந்த வளையலோடு, நாற்காலிக்குப் பின்னாலிருந்து நீண்டு, அவன் காதுகளிலிருந்து ஹெட்போனை மெல்லக் கழற்றின.