ஹெல்மெட்டுக்குள் ஒரு மீசை

மேடையில் பேராசிரியர் குப்புறக் கிடந்தார். முதுகில் கத்தி.

எதிரே அறுபது பேர் தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள்!

போன வாரமும் இப்படித்தான். உளவியல் முதலாண்டு வகுப்பு, 'சாட்சியும் ஞாபகமும்' பாடம். லேப் உதவியாளன் திடீரென்று நுழைந்து, பேராசிரியரைக் குத்துவது போல் நடித்துவிட்டு ஓடினான். பார்த்ததை உடனே எழுதச் சொன்னார் அவர்.

இன்று வந்தவன் ஹெல்மெட் போட்டிருந்தான். மாணவர்கள் பேப்பரை எடுத்தார்கள். ரத்தம் முதல் பெஞ்சை எட்டிய பிறகுதான்... அலறல்.

பெண் இன்ஸ்பெக்டர் தாள்களைப் புரட்டினார். ஐம்பத்தொன்பதில் ஒரே பதில்: லேப் உதவியாளன்.

ஏட்டு அவனைப் பிடித்து மூலையில் உட்கார வைத்திருந்தார். அதே வகுப்பில் படிக்கும் அவன் தங்கை ஓடி வந்தாள்.

"எங்கண்ணனை விட்டுடுங்க மேடம். அவரை விட்டா எனக்கு யாருமில்ல."

"இத்தனை பேர் கை காட்டுறாங்களேம்மா."

"முகத்தைப் பார்த்தாங்களா? கறுப்புக் கண்ணாடி ஹெல்மெட். போன வாரம் பார்த்த முகத்தை இதுல கொண்டாந்து ஒட்டிட்டாங்க. மூளை இப்படித்தான் இட்டுக்கட்டும்னு பாடத்துலயே இருக்கு."

இன்ஸ்பெக்டர் திரும்பினார். "முகம் தெரிஞ்சவங்க கை தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை.

"தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு மேடம்..." ஒருவன் முனகினான்.

"மாதிரியா? கிழிஞ்சுது போ," என்றார் ஏட்டு.

தங்கைக்கு மூச்சு வந்தது. "அப்போ அண்ணனைக் கூட்டிட்டுப் போகலாமா?"

"இரும்மா. அறுபதாவது தாள் உன்னுதுதானே? 'குண்டு ஆள், அடர்ந்த மீசை, முன்னப்பின்ன பார்த்ததில்ல.' கறுப்புக் கண்ணாடிக்குள்ள மீசை எப்படித் தெரிஞ்சுது?"

"அண்ணனைக் காப்பாத்தத்தான்... தப்புதான் மேடம்."

"எதுலேர்ந்து காப்பாத்த? நீ எழுதுறப்போ எல்லாருக்கும் அது நாடகம். உங்கண்ணனை யாரும் சந்தேகப்படல. நாடகத்துக்கு எதுக்கும்மா பொய் சாட்சி?"

அவள் திரும்பி அண்ணனைப் பார்த்தாள்.

மூலையில் அண்ணன் எழுந்தான்.

"அவளை விட்டுடுங்க. பதினோரு வருஷம் என் ஆராய்ச்சியைப் பேராசிரியர் தன் பேர்ல போட்டுக்கிட்டார். எல்லாரும் உட்கார்ந்து எழுதுவாங்க, ஒருத்தனும் துரத்த மாட்டான்னு தெரியும். 'தீர்த்துடுறேன்'னு நேத்து வீட்டுல கத்தினேன். இவ நம்பலை. இன்னிக்கு என் நடையைப் பார்த்ததும் நம்பிட்டா."

"அண்ணா..." அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஏட்டு தலையைச் சொறிந்தார்.

"அப்போ அந்த ஐம்பத்தொன்பது பேர் எழுதினது மேடம்?"

"விடை சரி, வழி தப்பு. பாதி மார்க் போடுங்க."